கோபக்கார முதலாளிக்கு கெட்ட சேதி லேட்டாத்தான் போகும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல, வேலை பாக்குற இடத்துல தலைமைப் பொறுப்புல இருக்கவங்களுக்கு எமோஷனல் இன்டெலிஜன்ஸ், அதாவது தன் மனசையும் அடுத்தவங்க மனசையும் புரிஞ்சு நடந்துக்கிற திறமை, ஏன் வேணும்னு ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, குறை சொல்ல வரல. ஆனா அதுல வந்த உதாரணம் பூராவும் சென்னை, பெங்களூரு, கண்ணாடி பில்டிங், டீம் லீடர், ஹெச்ஆர், வீடியோ கால் மீட்டிங்னே இருந்துச்சு. டெல்டான்னா உங்களுக்கெல்லாம் ஜூன் 12ந் தேதி மேட்டூரைத் திறந்தாங்களா, குறுவை எத்தனை ஏக்கர், சம்பா மழையில சாஞ்சுதா, அதோட சேதி முடிஞ்சுது. இங்கயும் ஆள் வெச்சு வேலை வாங்குற இடம் இருக்குங்க. அரிசி மில்லு இருக்கு, ஜவுளிக்கடை இருக்கு, பஸ் டெப்போ இருக்கு, பேங்க் இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு, சீசனுக்கு சீசன் திறக்குற கொள்முதல் நிலையம் இருக்கு. எல்லாத்துலயும் மேல ஒருத்தர் உக்காந்துட்டு கீழ இருக்கவங்களை ஏதோ ஒரு விதத்துல நடத்திட்டுத்தான் இருக்காரு.

நான் மன்னார்குடி பக்கம் ஒரு அரிசி மில்லுல கணக்கு பாக்குறேன். கல்யாணத்துக்கு முந்தி கும்பகோணத்துல ஒரு ஜவுளிக்கடையில பில்லிங் கவுண்ட்டர்ல நின்னேன். வீட்டுக்காரர் விவசாயம், அதனால கொள்முதல் நிலையத்துலயும் நின்னு பழக்கம். பொண்ணு திருச்சில எம்பிஏ படிக்கிறா, அவ புக்கை அவ படிக்கிறாளோ இல்லையோ லீவுக்கு வர்றப்ப நான் எடுத்து படிச்சுடுவேன், அந்த தைரியத்துலதான் இதை எழுதுறேன்.

விஷயம் ஒண்ணும் புதுசு இல்ல. 1990ல பீட்டர் சலோவே, ஜான் மேயர்னு ரெண்டு அமெரிக்க சைக்காலஜிக்காரங்க எமோஷனல் இன்டெலிஜன்ஸ்ங்கற பேர்ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாங்க, 1995ல டேனியல் கோல்மேன்னு ஒரு பத்திரிகைக்காரர் அதையே புத்தகமா போட்டு உலகம் பூரா பரப்பி விட்டுட்டாரு. தன் மனசு இப்ப என்ன நிலைமையில இருக்குன்னு தனக்கே தெரியணும், அதை அடக்கத் தெரியணும், வேலையில ஒரு ஈடுபாடு இருக்கணும், எதிராளி மனசு புரியணும், ஆளுங்களோட பழகத் தெரியணும்னு அவர் ஒரு அஞ்சு சொல்றாரு, உங்க கட்டுரையிலயும் அந்த அஞ்சு கட்டம் கட்டி வந்திருந்துச்சு. சரி. ஆனா என்னை கேட்டா அந்த அஞ்சையும் ஒரே எடத்துல பார்த்துடலாம். ஒரு கெட்ட சேதி மேலதிகாரி காதுக்கு போற நிமிஷத்துல அவர் வாயிலேர்ந்து வர்ற முதல் கேள்வி என்ன? அதை மட்டும் பாருங்க போதும்.

எங்க மில்லு விஷயத்தையே சொல்றேன், கொஞ்சம் பொறுமையா படிங்க. எங்க மில்லு புழுங்கல் மில்லு. நெல்லை தொட்டியில ஊறப்போட்டு, உமி பாய்லர்லேர்ந்து வர்ற ஆவியில அவிச்சு, டிரையர்ல ஏத்தி காய வைக்கணும். அவிச்சு இறக்குறப்ப நூத்துக்கு முப்பதுக்கும் மேல ஈரம் நிக்கும், அதை 14 கிட்ட கொண்டு வந்தாத்தான் உமி நீக்குற ஷெல்லர்ல போடலாம். இதுல சூட்சுமம் என்னன்னா ஒரே மூச்சுல காய வைக்கக் கூடாது, பாதியில நிறுத்தி ஆறவிட்டு மறுபடி ஏத்தணும், அவசரப்பட்டு சூட்டை ஏத்தினா அரிசி உமிக்குள்ளயே கீறல் விட்டுடும். வெளிய பார்த்தா நெல்லு நல்லாத்தான் இருக்கும், கையில அள்ளிப் பார்த்தாக்கூட எனக்கெல்லாம் தெரியாது. ஷெல்லர் தாண்டி பாலிஷருக்கு போறப்பதான் குருணையா கொட்டும். சர்க்கார் நெல்லு அரைக்கிற மில்லுன்னா 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கல் அரிசி திருப்பிக் கொடுத்தாகணும், அதுல குருணை இவ்வளவுதான் இருக்கலாம்னு அளவும் இருக்கு. தாண்டினா லோடு திரும்பி வந்துடும். சொந்த வியாபாரம்னாலும் அரிசி விலை வேற, குருணை விலை வேற, அந்த வித்தியாசம் கடைசில என் நோட்டுலதான் வந்து உக்காரும்.

ராத்திரி ஷிப்ட்ல டிரையர்கிட்ட ஒரே ஒரு ஆபரேட்டர்தான். ஒருநாள் ராத்திரி ரெண்டு மணி வாக்குல சூடு எகிறிப் போச்சு. அவருக்கு அப்பவே தெரியும். எங்க முதலாளிக்கு போன் அடிச்சு சொன்னா முதல் கேள்வி "எவன்டா அது?"ன்னுதான் வரும், அதுக்கு அடுத்து வர்றதை உங்க பேப்பர்ல போட முடியாது. அதனால அவர் போன் அடிக்கல. கெட்டுப்போன நெல்லை நல்ல நெல்லு இருந்த பின்னோட (நெல்லு கொட்டி வைக்கிற பெரிய தொட்டிக்கு நாங்க 'பின்'னுதான் சொல்லுவோம்) சேர்த்து ஏத்தி விட்டுட்டாரு, கலந்தாச்சுன்னா எது எந்த ஷிப்ட்ல காஞ்சதுன்னு யாராலயும் சொல்ல முடியாது பாருங்க. காலையில மாத்து ஆள் வந்ததும் ஒண்ணும் நடக்காத மாதிரி சைக்கிளை எடுத்துட்டு கிளம்பிட்டாரு. பத்தரை மணிக்கு குருணை சாக்கு மேல சாக்கா நிறையுது, மெக்கானிக் பாலிஷரை கழட்டிப் பாக்குறாரு, ரப்பர் ரோலை மாத்துறாரு, மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல, சாயங்காலம் வரைக்கும் எல்லாரும் இல்லாத ரிப்பேரை தேடிட்டு இருந்தோம். ஒரு பின் போக வேண்டிய நஷ்டம் ரெண்டு பின்னா போச்சு, கூட ஒரு நாள் ஓட்டமும் போச்சு.

அப்புறம் கொஞ்ச வருஷம் ஒரு மேனேஜர் இருந்தாரு, திருவையாத்துப் பக்கத்துக்காரர். அதே மாதிரி ஒரு ராத்திரி அதே மாதிரி சூடு ஏறிடுச்சு, இந்த தடவை ஆபரேட்டர் அவருக்கு போன் அடிச்சாரு. அவர் கேட்ட முதல் கேள்வி "எந்த பின்ல நிக்குது?" ரெண்டாவது கேள்வி "வேற எதோடயும் கலக்கலல்ல?" அவ்வளவுதான். சூட்டை நிறுத்துங்க, காத்தை மட்டும் ஓட விடுங்க, பின் மேல சாக்பீஸ்ல தேதி எழுதி வைங்க, மத்ததை காலையில பேசிக்கலாம்னுட்டு வெச்சுட்டாரு. அந்த பின்னை தனியா அரைச்சோம், தனியா வித்தோம், நஷ்டம் அதோட நின்னுச்சு. ஏன் ஆச்சுங்கற கேள்வியை அவர் விட்டுடல, மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு, டிரையர்கிட்டயே நின்னுட்டு, வேற யாரும் இல்லாதப்ப கேட்டாரு. மாத்து ஆள் அக்கா பொண்ணு காதுகுத்துன்னு வராம போனதால இவர் பகலும் பாத்து ராத்திரியும் பாத்திருக்காரு, கண்ணு அசந்துடுச்சு. அதுலேர்ந்து பகல் ஷிப்ட் பாத்தவரை அன்னிக்கு ராத்திரி டிரையர்ல நிறுத்துறது இல்லன்னு ஒரு வழக்கம் வந்துச்சு. அவர் ஒண்ணும் பூ மாதிரி ஆளு இல்லைங்க. சாக்கு திருடின ஒருத்தரை அன்னிக்கே கணக்கு தீத்து அனுப்பினாரு, நான்தான் கணக்கு போட்டுக் கொடுத்தேன். தப்புன்னா தப்புதான். ஆனா நடந்ததை மறைக்கிறது நடந்ததை விட பெரிய தப்புன்னு அவர் எங்க கிட்ட சொன்னதே இல்ல, அவர் கேக்குற கேள்வியிலேர்ந்து நாங்களே தெரிஞ்சுக்கிட்டோம்.

இதுக்கு ஒரு ஆராய்ச்சியும் இருக்கு, பொண்ணு புக்குல படிச்சப்ப எனக்கு எங்க டிரையர்தான் ஞாபகம் வந்துச்சு. எமி எட்மண்ட்சன்னு ஒரு அம்மா, அமெரிக்காவுல ஆஸ்பத்திரி வார்டுகள்ல நர்ஸ் டீம்களை ஆராய்ஞ்சாங்க. நல்ல தலைமை, நல்ல ஒத்துமை இருக்க டீம்ல மருந்து மாத்திக் கொடுக்கிற தப்பு கம்மியா இருக்கும்னு நினைச்சு போனா, கணக்கு தலைகீழா வந்துச்சு, நல்ல டீம்லதான் தப்பு அதிகமா பதிவாயிருந்துச்சு. அப்புறம் கிளறிப் பார்த்தாத்தான் விஷயம் தெரிஞ்சுது, அங்க தப்பு அதிகமா நடக்கல, நடந்ததை பயப்படாம வெளிய சொல்லியிருக்காங்க. திட்டு விழுற வார்டுல தப்பு நடந்தும் நோட்டுல ஏறல. இது 1996ல வெளிவந்த ஆராய்ச்சி, 1999ல அதே அம்மா கம்பெனி டீம்களை வெச்சு இன்னொரு ஆராய்ச்சியும் எழுதினாங்க. இப்ப யோசிச்சுப் பாருங்க, "எங்க ஆபீஸ்ல ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்ல"ன்னு பெருமையா சொல்ற அதிகாரிங்க நம்ம ஊர்ல எத்தனை பேரு. எனக்கு அதைக் கேட்டா இப்பல்லாம் வயித்தைக் கலக்குது.

இந்த இடத்துல நம்ம ஆளுங்க உடனே ஒண்ணு சொல்லுவாங்க, கோபம் இருக்கிற எடத்துலதான் குணம் இருக்கும்னு. எங்க முதலாளியை பத்தி ஊரே அப்படித்தான் சொல்லும், பொய்யும் இல்ல. 2018 நவம்பர் 16 விடிகாலையில கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறுனப்ப எங்க பக்கம் ஓடு, கூரை, தென்னை, கரண்டு கம்பம் எதுவும் மிஞ்சல. மில்லு ஷெட்டு தகரம் பறந்து வயல்ல கிடந்துச்சு. அந்த மனுஷன் மில்லைப் போய் பாக்கல, அரிசி மூட்டையை டிராக்டர்ல ஏத்திக்கிட்டு வேலை செய்யறவங்க வீடு வீடா போனாரு, தார்ப்பாய் வாங்கிக் கொடுத்தாரு, கரண்டு வர்ற வரைக்கும் மில்லு ஜெனரேட்டர்ல தெருக்காரங்க எல்லாரும் போன் சார்ஜ் போட்டோம். ஓடாத நாளுக்கும் பாதிக் கூலி கொடுத்தாரு. தங்கமான மனுஷன், சாமி சத்தியமா சொல்றேன். ஆனா அதே மனுஷனுக்கு டிரையர்ல சூடு ஏறுனா இன்னிக்கும் யாரும் போன் அடிக்கிறது இல்ல. நல்ல மனசு இருக்கிறது வேற, ஆளை நடத்தத் தெரியறது வேற, நம்ம ஊர்ல இது ரெண்டையும் போட்டு குழப்பிக்கிட்டு, மனசு நல்ல மனசுதானேன்னு வாயை மன்னிச்சு விட்டுடுறோம், நஷ்டம் என்னமோ நஷ்டக்கணக்குல ஏறிட்டேதான் இருக்கு.

இன்னொண்ணு, "எனக்கு கோபம் வந்தா கண்ட்ரோல் பண்ண முடியாது"ன்னு சொல்றாங்களே, அதை நான் நம்பவே மாட்டேன். பேங்க் மேனேஜர் லோன் பேப்பரை திருப்பி அனுப்பினப்ப அதே கோபம் எங்க போச்சு? குவாலிட்டி பாக்குற அதிகாரி லோடை திருப்பினப்ப "சார் சார்"னு சிரிச்சுட்டே இளநி வாங்கி நீட்டுனாரே, அப்ப மட்டும் எப்படி கண்ட்ரோல் ஆச்சு? அடக்கத் தெரியுது, யார் கிட்ட அடக்கணும்னும் தெரியுது. நம்ம ஆத்துத் தண்ணி கடைமடைக்கு வருதோ வரலையோ, மேல இருக்கவங்க கோபம் மட்டும் ஒரு மடை பாக்கியில்லாம கடைமடை வரைக்கும் வந்து சேர்ந்துடும்.

குழு லோன் கலெக்‌ஷனுக்கு வர்ற பசங்களைப் பாருங்க, அப்ப தெரியும். காலையில எட்டு மணிக்கு மேலிடத்துலேர்ந்து கான்ஃபரன்ஸ் கால், எல்லாரும் கேக்குற மாதிரி பிராஞ்ச் மேனேஜரை உரிச்சு எடுப்பாங்க. அவர் ஒன்பது மணிக்கு பசங்களை வரிசையா நிக்கவெச்சு அதையே திருப்பி விடுவாரு. அந்தப் பையன் இருபத்தி ரெண்டு வயசு இருக்கும், டிகிரி முடிச்சுட்டு வேற வேலை கிடைக்காம பைக்குக்கு ட்யூ கட்டிட்டு இருக்கவன், எங்க தெருவுல ஒரு பொம்பளை வீட்டு திண்ணையில வந்து உக்காந்துட்டு கட்டுற வரைக்கும் எந்திரிக்க மாட்டேங்கறான். அந்தப் பொம்பளை நடவுக்கு போய் வந்த கையோட புள்ளையைப் போட்டு அடிக்கிறா. மேலிடத்துல ஏசி ரூம்ல உக்காந்து பேசுனவருக்கு இந்தப் புள்ளை முதுகு தெரியுமா? கட்டாய வசூலைத் தடுக்க 2025ல தமிழ்நாட்டுல தனிச் சட்டமே கொண்டு வந்தாங்க, நல்லதுதான், ஆனா சட்டம் திண்ணையில உக்காந்த பையனைத்தான் முதல்ல பிடிக்கும். காலையில எட்டு மணிக்கு பேசுனவரை எந்த சட்டத்துல பிடிக்கிறது?

அடுத்தது ஆளைக் கூப்பிடுற விஷயம். இதை உங்க கட்டுரை தொடவே இல்ல, கண்ணாடி பில்டிங்ல எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்குவாங்க போல. எங்க பக்கம் ஒரு வேலை இடத்துக்குள்ள நுழைஞ்சதும் யாருக்கு "வாங்க", யாருக்கு "வாப்பா", யாருக்கு "வாடா"ன்னு அஞ்சு நிமிஷம் கேட்டா போதும், அந்த இடத்தோட ஜாதகமே தெரிஞ்சுடும். அறுபது வயசு லோடுமேனை முப்பது வயசு சூப்பர்வைசர் டேய்னு கூப்பிடுறாரு, அதுக்கு அவர் எந்தத் தெருவுலேர்ந்து வர்றாருங்கறதும் ஒரு காரணம், இதை நான் உடைச்சு எழுதலேன்னாலும் டெல்டாக்காரங்களுக்கு புரியும். எதிராளி மனசு புரியணும்னு ட்ரெயினிங் கொடுக்கறவங்க முதல்ல இதை பேசணும். நாள் பூரா டேய் போட்டுட்டு சாயங்காலம் தோள்ல கை போட்டு "சாப்டியா"ன்னு கேட்டா அது எந்த ஊரு எம்பதி?

இப்ப மூட்டை தூக்குறதுக்கு பீகார், ஒடிசா பசங்க வந்துட்டாங்க, நடவுக்கே மேற்கு வங்காளத்துலேர்ந்து ஆள் வருது. இவங்க கிட்ட நம்ம சூப்பர்வைசருங்களுக்கு இருக்கிற பாஷை ரெண்டே வார்த்தை, "ஜல்தி" ஒண்ணு, இன்னொண்ணு எழுத முடியாது. போன வருஷம் ஒரு பையன் அவிச்ச நெல்லு கொட்டுற எடத்துல கால்ல ஆவி பட்டு கொப்புளத்தோட ரெண்டு நாளு மூட்டை தூக்கியிருக்கான், சொல்ல பாஷையும் இல்ல, சொன்னா அனுப்பிடுவாங்கன்னு பயமும் கூட. கண்டுபிடிச்சது யாருன்னா டீ கொண்டு வர்ற அக்கா. அவங்களுக்கும் ஹிந்தி தெரியாது. டம்ளரை வாங்க வர்றப்ப அவன் ஒரு கால்ல தாங்கி நடக்கறதைப் பார்த்தாங்க, அவ்வளவுதான். பேருக்குக்கூட ஒரு கோர்ஸும் படிக்காம வந்த எமோஷனல் இன்டெலிஜன்ஸ்னு எங்க மில்லுல யாரையாவது காட்டணும்னா நான் அந்த அக்காவைத்தான் காட்டுவேன், சம்பளப் பட்டியல்ல கடைசிப் பேரு.

ஜவுளிக்கடை கதை தனி. நான் நின்ன காலத்துல பொம்பளைப் புள்ளைங்களுக்கு உக்கார ஸ்டூல் கிடையாது. கஸ்டமர் இல்லாதப்பகூட நிக்கணும், சாஞ்சா கேமராவுல பார்த்துட்டு இன்டர்காம்ல கூப்பிடுவாங்க. தீபாவளி சீசன்ல ராத்திரி பதினோரு மணிக்கு கணுக்கால் வீங்கி செருப்பு மாட்ட முடியாது, ஆனா அறுபதாவது புடவையை பிரிச்சுப் போட்டுட்டு "வேற பாக்குறீங்களாக்கா"ன்னு சிரிக்கணும். இந்த சிரிப்பும் ஒரு உழைப்புதான், கூலிக்கு விக்கிற உழைப்புன்னு 1983லயே ஆர்லி ஹோக்‌ஷீல்ட்னு ஒரு அமெரிக்க அம்மா எழுதியிருக்காங்க, அவங்க எடுத்துக்கிட்டது பிளேன்ல சிரிச்சுட்டே இருக்க வேண்டிய பணிப்பெண்களையும் மிரட்டியே ஆகணும்ங்கற கடன் வசூல்காரங்களையும். படிச்சப்ப ரெண்டு பேருமே எங்க ஊர்லயே இருக்காங்களேன்னு தோணுச்சு. கடைசில 2018ல கேரளாவுலயும் 2021ல தமிழ்நாட்டுலயும் கடையில வேலை பாக்குறவங்களுக்கு உக்கார இருக்கை கொடுக்கணும்னு சட்டத்துலயே சேர்த்தாங்க. நாள் பூரா அதே தளத்துல நடக்குற ஒரு மேனேஜர் கண்ணுக்கு தெரிய வேண்டிய கால்வலியை சட்டசபை வரைக்கும் கொண்டு போக வேண்டியிருந்துச்சு. ஸ்டூல் வந்தாச்சாம், சந்தோஷம். அதுல உக்காந்தா இன்டர்காம் அடிக்கிறது நின்னுச்சான்னு இப்ப நிக்கிற புள்ளைங்கதான் சொல்லணும்.

இதை எல்லாம் சொல்லிட்டு எதிர்ப்பக்கமும் சொல்லாம இருக்க முடியாது. இந்த எமோஷனல் இன்டெலிஜன்ஸை எல்லாத்துக்கும் மருந்துன்னு விக்கிறவங்களை எனக்கு பிடிக்காது. 2010ல ஜோசப், நியூமன்னு ரெண்டு பேர் நிறைய ஆராய்ச்சிகளை ஒண்ணா சேர்த்துப் பார்த்து எழுதினதுல, ஆளுங்களோட முகம் பார்த்து பழக வேண்டிய வேலையிலதான் இது கைகொடுக்குது, அப்படி இல்லாத வேலையில பெருசா உதவல, சில சமயம் எதிராக்கூட போகுதுன்னு வந்துச்சு. எனக்கு இது நியாயமாத்தான் படுது. நிறம் பார்த்து கெட்ட அரிசியைப் பிரிக்கிற கலர் சார்ட்டர் மெஷினை செட் பண்றவருக்கு மெஷின் தெரியணும், என் மனசு தெரிஞ்சு எனக்கு என்ன ஆகப்போகுது.

அதைவிட ஆபத்து, மனசைப் படிக்கத் தெரிஞ்சுக்கிட்டு அதை வெச்சே வேலை வாங்குறவங்க. "நாம எல்லாம் ஒரே குடும்பம்"னு ஆரம்பிச்சாலே நான் அன்னிக்கு ஓவர்டைம் கணக்கை ரெண்டு தடவை சரிபார்ப்பேன். ஓவர்டைமுக்கு ரெட்டைக் கூலின்னு சட்டம் சொல்லுது, குடும்பத்துல யாராவது கூலி கேப்பாங்களான்னு அவங்க சொல்லுவாங்க. பிறந்தநாளுக்கு கேக் வெட்டுவாங்க, பிஎஃப் கட்டியிருக்க மாட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு இடத்துல எல்லாரையும் ஹால்ல உக்கார வெச்சு ஒரு ட்ரெயினர் கண்ணை மூடுங்க, மூச்சை இழுங்க, பக்கத்துல இருக்கவங்களை கட்டிப்பிடிங்கன்னு ஒருநாள் வகுப்பு நடத்துனாரு, சர்டிபிகேட்டும் கொடுத்தாரு. அந்த மாசம் சம்பளம் பதினெட்டாந் தேதி வந்துச்சு. ஒண்ணாந் தேதி சம்பளம் போடுற முதலாளி கொஞ்சம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு இருந்தாலும் பரவாயில்லைன்னுதான் அன்னிக்கு எல்லாரும் பேசிக்கிட்டாங்க.

நல்லதா ஒண்ணையும் சொல்லிடுறேன், எப்பவும் குறைதான் எழுதுறாங்கன்னு நினைச்சுடாதீங்க. ஒரு சம்பா அறுவடையில, எங்க பக்கத்து கொள்முதல் நிலையம் ஒண்ணுல. பிப்ரவரி மாசம், பருவம் தப்பி மழை, களம் பூரா நெல்லு குமிச்சு தார்ப்பாய் போட்டு மூடியிருக்கு, 17 சதவீதம் ஈரத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க, லாரி வரல, எடுத்த மூட்டையே வெளிய அடுக்கிக் கிடக்கு. இந்த நேரத்துல எந்த நிலையத்துலயும் சண்டைதான் நடக்கும். அங்க இருந்த பில் கிளார்க் சீசனுக்கு மட்டும் வேலைக்கு வந்த ஆளு, அதிகாரின்னுகூட சொல்ல முடியாது. காலையில ஏழு மணிக்கு மேஜை மேல ஏறாத குறையா நின்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு: இன்னிக்கு சாக்கு இவ்வளவுதான் இருக்கு, 600 மூட்டைக்கு மேல போட முடியாது, டோக்கன் நம்பர் இதுவரைக்கும்தான் வரும், அதுக்கு மேல இருக்கவங்க இங்க காத்துக்கிடக்க வேணாம், நெல்லைக் கிளறி விட்டுட்டு வீட்டுக்கு போய் சாப்பிட்டு வாங்க, லாரி வர்ற சேதி தெரிஞ்சா நானே போன் பண்றேன். ஒரு பெரியவர் கெட்ட வார்த்தையில ஆரம்பிச்சாரு. இவர் பதிலுக்கு எகிறல, மீட்டரை எடுத்துட்டு அவர் குமியலுக்கே போயி, மேல, நடுவுல, அடியிலன்னு மூணு எடத்துல எடுத்துக் காமிச்சாரு. அடியில 19க்கு மேல காட்டுச்சு. "அய்யா, அடியைப் புரட்டி விடுங்க, மத்தியானத்துக்கு மேல மறுபடி பாக்குறேன்"னாரு. பெரியவர் திட்டிக்கிட்டேதான் போனாரு, ஆனா போய் புரட்டினாரு. சொன்ன மாதிரி மூணு மணிக்கு மீட்டரோட வந்துட்டாரு கிளார்க்கு.

என் வீட்டுக்காரர் அன்னிக்கு டோக்கன்ல பின்னாடி, நெல்லு எடுக்கல. அப்படியும் வீட்டுக்கு வந்து அந்த ஆளை குறை சொல்லல, இது எங்க வீட்டுல நடக்காத விஷயம். பக்கத்து ஊரு நிலையத்துல அதே நாள்ல கிளார்க் ஷட்டரை பாதி இறக்கிட்டு போனை நோண்டிட்டு உள்ள உக்காந்திருந்தாரு, ரோடு மறியல் வரைக்கும் போச்சு. ரெண்டு பேருக்கும் இருந்தது அதே சாக்கு, அதே வராத லாரி.

அதனால உங்க கிட்ட ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரை எழுதினவங்களை ஒரு தடவை இந்தப் பக்கம் அனுப்பி வைங்க, தண்ணி திறக்குற அன்னிக்கு போட்டோ எடுக்க வர்ற மாதிரி வேணாம், அறுவடை நெருக்கடியில, ஜனவரி கடைசி பிப்ரவரியில, எல்லாருக்கும் தலை சூடா இருக்கப்ப. மில்லு டிரையர்கிட்ட ஒரு ராத்திரி, கொள்முதல் நிலையத்துல ஒரு பகலு, ஜவுளிக்கடையில முகூர்த்த நாள் சாயங்காலம் ஒண்ணு நின்னு பாக்கட்டும். அப்படியே சீசன் ஆளுங்களை எடுக்கிற அதிகாரிங்களுக்கும் எழுதுங்க. மீட்டர் பிடிக்க, பில் போட சொல்லிக் கொடுக்கறாங்கல்ல, அதோட கூட்டத்து முன்னாடி நின்னு கெட்ட சேதியை எப்படி சொல்றதுன்னும் ஒரு அரை நாள் சொல்லிக் கொடுக்கட்டும், அந்த பில் கிளார்க்கையே வாத்தியாரா கூப்பிட்டா இன்னும் விசேஷம். எங்க திருவையாத்து மேனேஜர் இப்ப வேற மில்லுக்கு போயிட்டாரு, அவரை நிறுத்தி வைக்க எங்க முதலாளிக்கு மனசு இல்ல, ஆளுங்களுக்கு ரொம்ப இடம் கொடுக்கறாருன்னு ஒரு புகார்.

தயவு செஞ்சு என் பேரைப் போட வேணாம், மில்லு பேரையும் யாராவது கேட்டா சொல்லாதீங்க. எங்க முதலாளி உங்க பேப்பர்தான் வாங்குறாரு, காலையில முதல் ஆளா அவர்தான் பிரிப்பாரு. படிச்சா யாரைப் பத்தினு அவருக்கு புரிஞ்சுடும், புரியட்டும்னுதான் எழுதுறேன், நேர்ல போய் சொல்ற அளவுக்கு எனக்கு இன்னும் தைரியம் வரல.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.